பெட்டை நாயின் மிகுந்த நீர்வேட்கையும் மிகுந்த சிறுநீரும்

சப்பிரகமுவைப் பகுதியில் ஒரு நாய் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் குடிக்கின்றது என்பதை அறிந்துகொள்ளுதல் எளிதன்று. இரத்தினபுரியில் ஆண்டு மழைவீழ்ச்சி 3,000 மில்லி மீற்றரைக் கடந்து நிற்கும். லயத்துக் கானிலும், பீலியடியிலும், வயல் வாய்க்காலிலும், கைவிடப்பட்ட மாணிக்கக் குழியிலும் எந்நாளும் நீர் உண்டு. நாய் போகும் வழியெல்லாம் நக்கிக் குடித்துவிட்டு வீடு திரும்பும். வரண்ட பகுதியிலுள்ள கமக்காரர் நாய்க்கு வைத்த சட்டி இரண்டு முறை காலியானவுடனே ஏதோ மாற்றம் நிகழ்ந்துள்ளதென உணர்ந்துவிடுவார். நம் பகுதியிலோ அவ்வடையாளம் மறைந்துபோகின்றது. ஆகவே இங்கு முதலிற் கண்ணிற் படுவது நாய் குடிக்கும் நீரன்று, அது கழிக்கும் சிறுநீரேயாகும். ஆண்டுக்கணக்காக வீட்டை அசுத்தஞ் செய்யாதிருந்த பெட்டை நாய், ஓரிரவில் தான் படுத்த சாக்கையும் திண்ணையையும் நனைத்துவிடுகின்றது. வீட்டார் அதனை அடிக்கின்றனர். மாலைக்குப் பின் நீர் கொடாமல் நிறுத்திவிடுகின்றனர். இத்துண்டுப் பிரசுரம் எழுதப்பட்டதற்கு முதற் காரணம் இதுவே.

நெல்லும் மரக்கறியும் செய்வோருக்கான வரிசையில் நாயைப் பற்றிய பிரசுரம் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் ஓரிரவில் மரவள்ளிப் பாத்தியை என்ன செய்யும் என்பதை அறிந்தவர் இக்கேள்வியைக் கேளார். மேலும், இங்கே கூறப்படும் நோய்களுள் ஒன்று நாயோடு நில்லாது, வயலில் வெறுங்காலுடன் இறங்கும் மனிதரையும் பற்றக்கூடியது. எழுதுபவன் விவசாயப் போதனாசிரியனேயன்றி மிருக வைத்தியன் அல்லன். ஆதலால் மருந்தின் அளவு எதுவும் இதிற் கூறப்படவில்லை. எதைக் கவனிக்க வேண்டும், எப்பொழுது வைத்தியரிடம் விரைய வேண்டும் என்பன மட்டுமே கூறப்படுகின்றன.

நீரை நிறுத்தலாகாது

நாய் மிகுதியாகக் குடிப்பதனால்தான் மிகுதியாகச் சிறுநீர் கழிக்கின்றது என்று பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலான நோய்களில் உண்மை இதற்கு மாறானது. சிறுநீர் மிகுதியாக வெளியேறுவதனாலேயே நாய் மிகுதியாகக் குடிக்கின்றது. வயலின் கீழ்வரம்பில் மடை உடைந்திருக்கும்போது நீர்மட்டம் குறையாதிருக்க மேலிருந்து நீர் விட்டுக்கொண்டே இருக்க நேரிடும். அவ்வேளை, "நீர் வீணாகின்றது" என்று மேல்வாய்க்காலை அடைத்தால் உடைந்த மடை சீராகிவிடாது, பயிரே வாடும். நாயின் நிலையும் அதுவே. உடலில் நீரைத் தேக்கி வைப்பது சிறுநீரகத்தின் வேலை. மூளையிலிருந்து வரும் ஒரு சுரப்பு, "நீரைத் திருப்பி எடு" என்று சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுகின்றது. அக்கட்டளை சென்று சேராவிடினும், சிறுநீரகம் பழுதுற்றிருப்பினும், சர்க்கரை போன்ற ஒரு பொருள் நீரை இழுத்துக்கொண்டு வெளியேறினும், மடை உடைந்ததாகவே கொள்ள வேண்டும். அந்நிலையில் நீரையும் மறுத்தால் நாயின் இரத்தம் தடித்து, ஒன்றிரண்டு நாட்களிலேயே உயிர்போகும் நிலை ஏற்படலாம்.

எனவே நோயுற்ற நாயின் அருகில் இரவும் பகலும் தூய நீர் இருத்தல் வேண்டும். வீடு நனைவதைத் தவிர்க்க விரும்புவோர் நாயை வெளித் திண்ணையில், மழைச்சாரல் படாத இடத்திற் படுக்க வைக்கலாம்.

அளந்து பார்த்தல்

ஐயம் தோன்றியவுடன் ஒரு நாள் அளந்து பார்ப்பது நன்று. நாயை வீட்டருகே கட்டி, கோழியும் பிற நாய்களும் அணுகாத இடத்தில் ஒரே சட்டியில் நீர் வைக்க வேண்டும். அளப்பதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. 750 மில்லி லீற்றர் கொள்ளும் வெற்றுச் சாராயப் போத்தல் எந்தத் தோட்டத்திலும் கிடைக்கும். காலையில் எத்தனை போத்தல் ஊற்றினோம், மறுநாட் காலையில் எவ்வளவு எஞ்சியது என்பதைக் குறித்துக்கொண்டாற் போதும். நாயின் நிறையை அறிய, அது சாதுவானதாயின், கொழுந்துச் சாக்கில் இருத்தித் தராசில் நிறுத்துக்கொள்ளலாம்; கடிக்கும் நாயிடம் இம்முயற்சி வேண்டாம்.

நலமுள்ள நாய் தன் நிறையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 மில்லி லீற்றர் நீரை ஒரு நாளிற் குடிக்கும். ஒரு கிலோவுக்கு 100 மில்லி லீற்றரைக் கடந்தால் அதனை நோயின் அடையாளமாகக் கொள்ள வேண்டும். சுமார் 15 கிலோ நிறையுள்ள ஊர்நாய்க்கு இக்கணக்கு இரண்டு போத்தலாகும். கஞ்சியும் நீர்த்த சோறும் உண்ணும் நாய் சட்டியிலிருந்து இதனினும் குறைவாகவே குடிக்கும் என்பதையும் நினைவிற் கொள்க. கடும் வெயிலில் ஓடிய நாயும், கருவாட்டுக் குழம்பின் மிச்சத்தை உண்ட நாயும், பாலூட்டும் நாயும் சற்று மிகுதியாகக் குடித்தல் இயல்பே. அத்தகைய காரணம் ஒன்றுமின்றி இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து வேட்கை காணப்பட்டாற் கவலைப்பட வேண்டும்.

சிறுநீரைப் பற்றியும் ஒரு வேறுபாட்டை அறிதல் அவசியம். அடிக்கடி குந்திக் குந்திச் சில துளிகளே கழிப்பது ஒன்று. ஒவ்வொரு முறையும் நிறையக் கழிப்பது வேறொன்று. முன்னது சிறுநீர்ப்பையில் அழற்சி அல்லது கல் இருப்பதைக் காட்டலாம். பருவத்துக்கு வந்த பெட்டை நாயும் கடுவன்களை அழைப்பதற்காக இவ்வாறு துளித்துளியாக விடுவதுண்டு. உறக்கத்தில் தானறியாமற் கசிவது மூன்றாவது வகை. அது சிறுநீர்ப்பையின் வாய்த்தசை தளர்வதால் நேர்வது. இப்பிரசுரத்திற் கூறப்படுவது நிறையக் கழிப்பதைப் பற்றியே. அச்சிறுநீர் பெரும்பாலும் வெளிறி, ஏறக்குறையத் தண்ணீரைப் போலவே இருக்கும்.

கருப்பையிற் சீழ் கட்டுதல்

கருப்பை அகற்றப்படாத பெட்டை நாய்க்கு இக்குணங்குறிகள் தோன்றும்போது முதலில் ஐயுற வேண்டிய நோய் இது. கடுவன் நாய்க்கு இல்லாத ஆபத்து என்பதனாலேயே பெட்டை நாயைப் பற்றித் தனியாக எழுத நேர்ந்தது.

பெட்டை நாய் ஏறக்குறைய ஆறு ஏழு மாதங்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகின்றது. பருவம் முடிந்த பின், கருவுற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு மாத காலம் அதன் உடலில் கருவைக் காக்கும் சுரப்பு மிகுந்து நிற்கும். பசுவுக்கோ ஆட்டுக்கோ இவ்வாறு நேர்வதில்லை. அச்சுரப்பினாற் கருப்பையின் உட்சுவர் தடித்து, வாய் மூடிக்கொள்ளும். பருவகாலத்தில் உட்புகுந்த கிருமிகள் அங்கே தங்கிப் பெருகிச் சீழாகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை குடலில் வாழும் சாதாரணக் கிருமிகளே. அவற்றின் நஞ்சு இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தை அடையும்போது, நீரைத் திருப்பி எடுக்குமாறு வரும் கட்டளை அங்கே பயனற்றுப் போகின்றது. கருப்பையில் உள்ள நோய் சிறுநீரில் வெளிப்படுவது இவ்வாறுதான்.

இந்நோய் பெரும்பாலும் பருவம் கழிந்து நான்கு முதல் எட்டு வாரங்களுள் தோன்றும். நடுவயதைக் கடந்த நாய்களில் மிகுதி. ஆயினும் பருவத்தைத் தடுக்க ஊசி போடப்பட்ட இளம் நாய்களிலும் வருவதுண்டு. இது அரிய நோயன்று. சுவீடன் நாட்டில் நாய்களுக்கான காப்புறுதிப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், கருப்பை அகற்றப்படாத பெட்டை நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று பத்து வயதை எட்டுமுன் இந்நோய்க்கு ஆளாவதாகக் கண்டனர்.

குணங்குறிகள் எல்லாம் ஒருங்கே தோன்றுவதில்லை. உணவில் விருப்பங் குறையும், சோர்ந்து படுக்கும், வாந்தி எடுக்கும், பின்புறத்தை ஓயாது நக்கும். கருப்பையின் வாய் திறந்திருப்பின் செம்மண் நிறத்திலோ மஞ்சளாகவோ துர்நாற்றமுள்ள சீழ் வடியும். வாய் மூடியிருப்பின் ஒரு துளியும் வெளிவராது, வயிறு மட்டும் பெருக்கும். இந்த மூடிய வகையே மிகக் கொடியது. ஏனெனிற் பருவத்தின்போது கடுவன்களோடு திரிந்த நாயின் வயிறு பெருத்தால், அது குட்டி போடப்போகின்றது என்றே வீட்டார் மகிழ்வர். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள். சினையுற்ற நாய் நன்றாக உண்ணும், கண்கள் தெளிவாயிருக்கும், முலைகள் படிப்படியாகப் பருக்கும். வயிறு பெருக்கும் அதே வேளையில் உணவை மறுத்து நீரை மட்டும் நாடும் நாய் சினையென்று காத்திருக்கத் தக்கதன்று. உடம்பு சுடவில்லையே என்று ஆறுதல் கொள்ளவும் கூடாது. இந்நோயிற் காய்ச்சல் இல்லாதிருப்பதும் உண்டு. வயிற்றை அமுக்கிப் பார்ப்பதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். சீழ் நிரம்பிய கருப்பை எளிதில் வெடிக்கும்.

சத்திரசிகிச்சை செய்து கருப்பையையும் சூலகங்களையும் அகற்றுவதே நிலையான பரிகாரம். கிருமிகொல்லி மருந்து மட்டும் கொடுத்தாற் சீழ் சில நாள் குறைந்து, அடுத்த பருவத்துக்குப் பின் நோய் மீளுவதே பெரும்பாலும் நிகழ்வது. காலந் தாழ்த்தாது சத்திரசிகிச்சை பெற்ற நாய்களிற் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. வேட்கையும் சில நாட்களிலோ வாரங்களிலோ தணிந்துவிடும். மூடிய வகையில் ஒரு நாட் தாமதமும் உயிரைக் கொள்ளக்கூடும். தோட்டத்திற் சம்பள நாள் வரட்டும் என்று காத்திருப்பது விளங்கக்கூடியதே. ஆனால் இந்நோய் அதுவரை பொறுத்திராது.

இதற்காகவே ஒரு சிறு பழக்கத்தை எல்லா வீட்டாரும் கைக்கொள்ள வேண்டுமென்பது என் கருத்து. நெல் விதைத்த நாளைக் குறிக்கும் அதே நாட்காட்டியில் நாய் பருவத்துக்கு வந்த நாளையும் குறித்து வையுங்கள். வைத்தியர் முதலிற் கேட்கும் கேள்வி அதுவாகவே இருக்கும்.

சர்க்கரை நோய்

மனிதருக்கு வரும் நீரிழிவு நாய்க்கும் வருகின்றது. பருவத்துக்குப் பின் மிகும் அதே சுரப்பு, உடல் சர்க்கரையைப் பயன்படுத்துவதையும் தடுப்பதனால் இந்நோயும் பெட்டை நாய்க்கே மிகுதி. நாய் நிறைய உண்டும் மெலிந்துகொண்டே போகும். சில மாதங்களிற் கண்கள் வெண்படலம் மூடிப் பார்வை குன்றும். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கொண்டு மதுமேகத்தை அறியும் முறை நம் முன்னோருக்குத் தெரிந்ததே. நாய் சிறுநீர் கழித்த சீமெந்துத் தரையிற் சிற்றெறும்பு கூடினால் அதனைப் புறக்கணிக்க வேண்டாம். எறும்பு வராததைக் கொண்டு நோய் இல்லையென்று முடிவு கட்டவும் வேண்டாம்.

இந்நோயைப் பற்றி மனித வைத்தியம் கற்ற பாடம் நாய்களிடமிருந்தே வந்தது என்பதை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். 1889ஆம் ஆண்டு ஸ்திராஸ்பூர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வொன் மெரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அந்நாய் அளவின்றிச் சிறுநீர் கழிக்கலாயிற்று. சிறுநீரிற் சர்க்கரை காணப்பட்டது. நீரிழிவு கணையத்திலிருந்து தோன்றுவதென அவ்வாறு அறியப்பட்டது. 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை நாய்களுக்குச் செலுத்தி இன்சுலினைக் கண்டறிந்தனர். கணையம் அகற்றப்பட்ட பின்னும் அச்சாற்றினால் வாரக்கணக்கில் உயிர்வாழ்ந்த மார்ஜரி என்பது ஒரு பெட்டை நாயே. இன்றும் நாயின் நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியே மருந்து. பெரும்பாலும் நாளுக்கு இருமுறை, உணவு வேளையோடு ஒட்டிப் போட வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டாருக்கு இது பெருஞ் சுமை என்பதை மறைப்பதற்கில்லை. கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டபின் சில நாய்களில் நோய் தணிவதுண்டு.

எலிக்காய்ச்சல்

கமக்காரர் இப்பகுதியை ஊன்றிப் படித்தல் வேண்டும். எலியின் சிறுநீரிலிருந்து நீரிலும் சேற்றிலும் பரவும் இக்கிருமி, நாயின் உடலிற் புகுந்தாற் சிறுநீரகத்திற் குடியேறுகின்றது. நோய் கடுமையாயின் காய்ச்சல், வாந்தி, தசைவலி, கண்ணும் ஈறும் மஞ்சளாதல் என்பன தோன்றும். பிழைத்த நாய்களுட் சில, பழுதுற்ற சிறுநீரகத்தோடு மிகுவேட்கையும் மிகுசிறுநீரும் உடையனவாய்த் திரியும். சில நாய்கள் வெளிக்கு நோயே காட்டாது, வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் கிருமியைச் சிறுநீரிற் கழித்துக்கொண்டிருக்கும்.

இலங்கையில் 2008ஆம் ஆண்டு இந்நோய் பெருகியபோது 7,000க்கு மேற்பட்டோர் அதற்கு ஆளானதாகக் கருதப்பட்டனர்; 200க்கு மேற்பட்டோர் இறந்தனர். இரத்தினபுரியும் கேகாலையும் இந்நோய் மிகுதியாகக் காணப்படும் மாவட்டங்களுள் அடங்குவன. வயலில் இறங்கும் காலமும், மாணிக்கக் குழிகளிற் சேறு வாரும் காலமும், களு கங்கையும் களனி கங்கையும் பெருகி வடிந்த பின்வரும் வாரங்களுமே ஆபத்து மிக்கவை. மனிதருக்குப் பெரும்பாலும் நோயைத் தருவது எலியும் சேற்றுநீருமே. நாயைக் குற்றஞ்சாட்டி விரட்டிவிடுதல் தவறு. ஆனாற் காலில் வெடிப்புள்ள ஒருவர் நோயுற்ற நாயின் சிறுநீரை வெறுங்கையாற் துடைப்பதும் அதே அளவு தவறாகும்.

நாய் நனைத்த இடத்தைச் சுத்தஞ் செய்யும்போது கையுறையேனும் பொலித்தீன் பையேனும் கையில் அணிந்துகொள்க. வெளிற்றுந் தூள் கரைத்த நீர் ஊற்றி, சற்று நேரம் விட்டுக் கழுவி, வெயிலில் உலர விடுக. உலர்ந்த இடத்தில் இக்கிருமி நெடுநேரம் வாழ்வதில்லை. நோயுள்ள நாயைப் பீலியடியிலோ கீரைப் பாத்தியிலோ நாற்றுமேடையிலோ திரிய விடாது கட்டி வைப்பது நன்று. வீட்டில் யாருக்கேனும் திடீர்க் காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும், சிறுநீர் குறைதலும் கண்டால் அரசாங்க வைத்தியசாலைக்கு உடனே சென்று, வயலில் இறங்கியதையும் நாய் நோயுற்றிருப்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வயற்காலத்தில் வாரம் ஒருமுறை உட்கொள்ளும் தடுப்பு மாத்திரையைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேளாது அதனை உட்கொள்ளலாகாது. நாய்க்கும் இந்நோய்க்கான தடுப்பூசி உண்டு. அது எல்லா வகைக் கிருமிகளையும் தடுப்பதன்று, எனினும் ஆண்டுதோறும் போடுவது நலம்.

பிற காரணங்கள்

முதுமையிற் சிறுநீரகம் தானே தளர்வதுண்டு. அந்நாயின் வாய் நாறும், உடல் மெலியும். வயிறு தொங்கி மயிர் உதிரும் முதிய நாய்க்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிற் கோளாறு இருக்கலாம். சொறிக்காகப் பிரெட்னிசொலோன் போன்ற மாத்திரை உண்ணும் நாயும் மிகுதியாகக் குடித்து மிகுதியாகக் கழிக்கும். அதனைத் திடீரென நிறுத்தாது, கொடுத்த வைத்தியரிடமே கூற வேண்டும். மனிதருக்கான வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுப்பது இப்பகுதியிற் பரவிவரும் ஒரு கேடு. அவற்றுட் சில சிறுநீரகத்தையே அழிக்கும்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கே மறுத்தாக வேண்டும். "தண்ணீர் குடிக்கிற நாய்க்கு விசர் இல்லை" என்பர். விசர்கொண்ட மனிதர் நீரைக் கண்டு அஞ்சுவது உண்மை. விசர்கொண்ட நாய் அவ்வாறு அஞ்ச வேண்டுமென்பதில்லை, அது நீரருகே சென்று குடிக்கவும் முயலும். ஆதலால் நீர் குடிப்பதைக் கொண்டு எந்த நாயையும் விசரற்றதெனத் துணிதல் கூடாது. குணம் மாறிய நாய் கடித்தாலோ கீறினாலோ, ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலை செல்க.

வைத்தியரிடம் செல்லும்போது

பிரதேச மிருக வைத்திய அலுவலகத்தை முதலில் நாடுக. அங்கே பெரிய சத்திரசிகிச்சைக்கு வசதி இல்லாவிடின் எங்கே செல்லலாமென அவர்களே கூறுவர். கேகாலைப் பகுதியினருக்குக் கண்டி வீதியிற் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை எட்டக்கூடிய தூரத்திலேயே உள்ளது. புறப்படும் நாட் காலையில், நாய் சிறுநீர் கழிக்கும்போது நீண்ட பிடியுள்ள அகப்பையாற் சிறிது பிடித்து, கொதிநீரிற் கழுவி உலர்த்திய சிறு போத்தலில் இட்டு எடுத்துச் செல்க. அவ்வகப்பை மீண்டும் சமையலுக்கு ஆகாது. குடித்த நீரின் அளவு, பருவம் வந்த நாள், இதற்குமுன் போட்ட ஊசிகள், உண்ட மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்க. முச்சக்கர வண்டியில் ஏற்றும்போது வயிற்றைச் சுற்றித் தூக்காது, நெஞ்சின் கீழும் தொடையின் கீழும் கை கொடுத்துத் தூக்க வேண்டும். வழியிற் குடிப்பதற்கு ஒரு போத்தல் நீரும் சிரட்டையும் உடன் இருக்கட்டும்.

நலமாயிருக்கும் இளம் பெட்டை நாய்க்குக் குட்டி வேண்டாமெனில், சூலகமும் கருப்பையும் அகற்றும் சத்திரசிகிச்சையை முன்னதாகவே செய்வித்தாற் சீழ்நோயின் அச்சம் நீங்கும். பின்னாளிற் சில நாய்களுக்கு உறக்கத்திற் சிறுநீர் கசிவதுண்டு, அதற்கு மருந்துண்டு. 2006ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிற் தெருநாய்களைக் கொல்லும் முறை கைவிடப்பட்டு, விசர்நோய்த் தடுப்பூசியும் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் வலியுறுத்தப்படுகின்றன. தோட்டத்துக்கு அண்மையில் அத்தகைய முகாம் எப்பொழுது நடைபெறும் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ மிருக வைத்திய அலுவலகத்திலோ கேட்டு அறிந்துகொள்ளலாம்.